ஏழு வீடு, இருபத்து மூன்று பேர்

எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்த நாளில் அவர் வணக்கம் சொல்வதற்கு முன்னால் எங்களை எண்ணினார். வாசலில் நின்றபடியே நாடியைச் சற்று உயர்த்தி, உதடு அசைய, ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு போனார். முடிந்ததும், அன்றைக்கு வந்திருந்த விருந்தினரையும் சேர்த்து, "ஆறு பேர்" என்றார். அதன் பிறகுதான் சப்பாத்தைக் கழற்றினார். என் மனைவி என்னைக் குசினிக்குள் இழுத்து, "என்னப்பா, இவ எங்களை ஆட்டுப்பட்டி எண்ணுற மாதிரி எண்ணுறா?" என்று கிசுகிசுத்தாள். எனக்கும் அது பிடிக்கவில்லை. உயிரோடு இருக்கிற மனிதரை எண்ணினால் குறையும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு.

எழுபதுகளின் தொடக்கம் அது. கொழும்பில் நில அளவைப் படங்கள் வரைந்து பழகிய நான், ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் ஒரு நிலவியல் பேராசிரியரிடம் படவரைஞனாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. நடுங்காத கை இருந்தது. அதை நம்பித்தான் சோறு.

அவர் குவாதலூப் என்ற தீவைச் சேர்ந்தவர். கரீபியன் கடலில் பிரான்ஸ் நாட்டுக்குச் சொந்தமான தீவு. கணவர் ஜெர்மனியில் நிலைகொண்டிருந்த பிரெஞ்சு ராணுவத்தில் வாகனம் திருத்துபவர். எங்கள் ஊரிலிருந்து தெற்கே ரயிலில் அரைமணி நேரம் போனால் அவர்களுடைய முகாம் வரும். சனிக்கிழமைச் சந்தையில் கடைசியாகக் கிடந்த ஒரு பிடி பச்சை மிளகாயில் என் மனைவியின் கையும் அவருடைய கையும் ஒன்றாக விழுந்ததில் தொடங்கிய பழக்கம். முகத்தைப் பார்த்தால் பருத்தித்துறை ஆள் என்று அடித்துச் சொல்லலாம். என் மனைவியும் அப்படித்தான் நினைத்து, "அக்கா, அதை நான் எடுத்தனான்" என்று தமிழிலேயே சண்டைக்குப் போயிருக்கிறாள். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கரும்பு வெட்டுவதற்காகக் காரைக்கால் பக்கமிருந்து கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் வழியில் வந்தவர் அவர். தமிழ் போய்விட்டது. மாரியம்மன் மிஞ்சினாள். ஒரு கறித்தூளும் மிஞ்சியது. அதற்கு அந்தத் தீவில் பெயர் கொலம்போ. நாங்கள் விட்டுவிட்டு வந்த தலைநகரத்தை அவர்கள் ஞாயிறுதோறும் ஆட்டிறைச்சியில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் பேசிக்கொண்டது இரு பக்கத்தாருக்கும் சொந்தமில்லாத உடைந்த ஜெர்மனில். அவர் சொன்னவற்றை இங்கே எங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் நிற்கிறது. அண்ணை, அக்கா என்ற இரண்டு தமிழ்ச் சொற்களை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். அவற்றைச் சரியாகவே சொல்வார்.

எங்கே போனாலும் எண்ணுவார். டிராமில் ஏறினால் எண்ணுவார், இறங்கும்போது மறுபடி எண்ணுவார். ஒருமுறை என் மனைவி பல் டாக்டரிடம் டெர்மின் என்று நாள் நேரம் குறித்துத் துணைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். போனபோது காத்திருக்கும் அறையில் ஒன்பது பேர். சற்று நேரத்தில் எட்டுப் பேர். உள்ளே யாரும் கூப்பிடப்படவில்லை. இவர் எழுந்து போய் அங்கிருந்த தாதியிடம், அந்தச் சாம்பல் கோட்டுக்காரர் எங்கே என்று கேட்டிருக்கிறார். அவர் பயந்து வீட்டுக்கு ஓடிவிட்டார் என்று தாதி சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். "மானம் போச்சு" என்று என் மனைவி வந்து சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு என் மகளின் இரண்டாவது பிறந்தநாளோடு நின்றது.

மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. கேக் வெட்டியாகிவிட்டது. கணவரோடு வந்திருந்தவர் புறப்பட எழுந்தார். எழுந்தவர் வழக்கம்போல எண்ணினார். "எட்டுப் பேர் எல்லோ. ஏழு பேர்தான் இருக்கினம்." யாராவது கழிப்பறையில் இருப்பார்கள் என்று நான் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. படுக்கையறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே பால்கனிக்கு ஓடினார். கவிழ்த்து வைத்திருந்த பெட்டியில் ஏறி, கம்பிக்கு மேலால் பாதி உடம்பை வெளியே விட்டு, கீழே போகிற நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என் மகள். கால் பெட்டியில் இல்லை. அவர் சட்டையை முதுகோடு சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்தார். அவருடைய பிடிக்குள் கசங்கிக் கிடந்த அந்த மஞ்சள் துணி இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. பிள்ளையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, எங்களை மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நான் பெட்டியை உள்ளே இழுத்துப் பால்கனிக் கதவைப் பூட்டினேன்.

ஏன் எண்ணுகிறார் என்பதை ஒரு சனிக்கிழமை இறால் உரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு எட்டு வயதில் தீவில் பெரிய புயல். கூரைகள் பறந்தன. ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்தவர்கள் எல்லாரும் தேவாலயத்துக்கு ஓடினார்கள். கதவை அடைப்பதற்கு முன் அவருடைய அப்பா பிள்ளைகளை எண்ணினார். "நாலு பேரும் இருக்கினம், சாத்துங்கோ எண்டார். என்னை ரெண்டு தரம் எண்ணிப்போட்டார், அண்ணை. தங்கச்சி வெளியிலை." இறால் முழுவதையும் உரித்து முடித்தார்.

தீவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மேசையில் உள்ளவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இரண்டு துண்டு தோடம்பழத் தோலை வைத்து அதைக் காட்டுவார். ஒரு வண்ணத்துப்பூச்சி, இரண்டு செட்டை. ஒரு செட்டை தட்டை, முழுக்கக் கரும்பு, தண்ணீருக்குத் தட்டுப்பாடு. மற்றச் செட்டை மலை, காடு, வாழைத்தோட்டம், வருடம் முழுக்க மழை. நடுவில் ஆறு மாதிரி ஒடுங்கிய உப்புக் கடல், அதன் மேல் ஒரு பாலம். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். பிறகு எங்கள் முகங்கள். கொஞ்சம் வெள்ளையர். மூன்றும் கலந்த வீடுகள் எல்லா ஒழுங்கையிலும் உண்டு. மலைச் செட்டையின் உச்சியில் அந்த மலை. அது எப்போதும் கொஞ்சம் புகைக்கும், கந்தகம் மணக்கும். அதன் சரிவில் இவருடைய ஒழுங்கை.

"ஏழு வீடு, இருபத்து மூண்டு பேர்" என்று தொடங்குவார். தச்சர் வீடு ஆறு பேர். மருத்துவச்சி வீடு மூன்று. அம்மாவும் சின்னம்மாவும் இரண்டு. பாண் சுட்டு விற்கிறவர் வீடு ஐந்து. ஐந்தாம் வீட்டில் தோட்டத்துக் காவற்காரர், தனிக்கட்டை. லொறி ஏறி ஒரு காலை இழந்தவர். "ஐஞ்சாம் வீடு, ஒராள், ஒரு கால், பத்துக் கோழி" என்று சொல்லித் தானே சிரிப்பார். ஆறாம் வீட்டில் கோவில் மணி அடிப்பவர் குடும்பம் நான்கு. கடைசியில் வாத்தியாரும் மனைவியும். என் மனைவிக்கும் எனக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. எங்கள் சொந்த ஒழுங்கையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது.

எழுபத்தாறாம் ஆண்டுக் கோடையில் அந்த மலை சாம்பல் கக்கத் தொடங்கியது.

ஜெர்மனியிலும் அந்தக் கோடை புல்லெல்லாம் கருகிப்போன கோடை. என் பேராசிரியர் அந்த மலையைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேச இருந்தார். பிரெஞ்சுப் படம் ஒன்றைக் கொடுத்து, அதைப் பார்த்து வரையச் சொன்னார். மலை குமுறினால் ஆபத்து எதுவரை வரக்கூடும் என்று தன் கணிப்பில் ஒரு மெல்லிய தாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தந்தார். நான் மை போட்டுப் படத்தை முடித்தேன். அழகான படம். அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை அவர் கடிதத்தோடு வந்து நின்றார். அன்றைக்கு எங்களை எண்ணவில்லை. அதைப் பார்த்தே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவருடைய அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வாத்தியார் எழுதியிருந்தார். மலை இரவும் பகலும் உறுமுகிறது, சில ஒழுங்கைகள் காலியாகிவிட்டன, சிலர் போய்த் திரும்பி வந்துவிட்டார்கள், போவதா நிற்பதா என்று நீ அங்கே படித்தவர்களிடம் கேட்டுச் சொல் என்று அம்மா கேட்கிறார்.

"அண்ணை, உங்களிட்டைப் படம் இருக்கெண்டு அக்கா சொன்னவ. எங்கட ஒழுங்கை கோட்டுக்கு உள்ளுக்கையோ வெளியிலையோ? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ."

பேராசிரியர் விடுமுறையில் இருந்தார். படவரை அறையின் சாவி என்னிடம் இருந்தது. கூட்டிக்கொண்டு போனேன். மேசை விளக்கைப் போட்டுப் படத்தை விரித்தேன். அவர் விரலால் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். பாலம், தேவாலயம், ஆறு வளைகிற இடம். "இஞ்சை" என்று விரலை வைத்தார். நான் அளவுகோலை எடுத்தேன். என் கோட்டிலிருந்து அந்த விரல் நுனி இரண்டு மில்லிமீட்டர் வெளியே இருந்தது. தரையில் நூறு மீட்டர்.

"வெளியிலை" என்றேன்.

"நிச்சயமோ, அண்ணை?"

"ஓம், நிச்சயம். நானே வரைஞ்ச படம்."

எரிமலை அளவுகோல் வைத்துப் பார்த்து நூறு மீட்டருக்கு முன்னால் நின்றுவிடுமா என்று என் மண்டைக்குள் ஒரு கேள்வியும் எழவில்லை. என் பிள்ளையைப் பிடித்துத் தந்தவருக்கு ஒரு நல்ல சொல் சொல்லக் கிடைத்ததே என்ற சந்தோசம்தான் இருந்தது. அவர் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேரே தபாலகத்துக்குப் போய் அம்மாவுக்குத் தந்தி அடித்தார். ஒழுங்கை ஆபத்துக்கு வெளியே, நில்லுங்கள்.

மறுநாள் வானொலியில் செய்தி வந்தது. சரிவில் இருக்கிற எல்லாரையும் வெளியேறச் சொல்லி அரசாங்கம் கட்டளை போட்டிருக்கிறது. பல்லாயிரம் பேர் பாலத்தைத் தாண்டித் தட்டைச் செட்டைக்குப் போகிறார்கள். அப்போதும் நான் பெரிதாகக் கலங்கவில்லை. அரசாங்கம் என்றால் கூட்டித்தான் சொல்லும் என்று மனைவியிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை படத்தைப் பெட்டியில் வைக்கும்போது பேராசிரியரின் பென்சில் தாள் கீழே கிடந்தது. இரண்டையும் அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டேன். பென்சில் கோடும் மைக் கோடும் எல்லா இடத்திலும் ஒன்றாக ஓடின. அந்த ஆற்று வளைவில் மட்டும் பிரிந்தன. பென்சில் கோடு கீழே ஊர்ப்பெயரை வெட்டிக்கொண்டு போனது. என் கோடு மேலே மலைப்பக்கமாக மூன்று மில்லிமீட்டர் ஒதுங்கிப் போனது.

வரைந்தபோது செய்தது ஒரு நொடியில் நினைவுக்கு வந்தது. கோடும் எழுத்தும் முட்டினால் எழுத்தை விட்டுக் கோட்டை ஒரு சொட்டுத் தள்ளிவிடுவது எங்கள் தொழில் வழக்கம். பெயர் தெளிவாக வாசிக்கப்பட வேண்டும். யாரும் இதைத் தவறென்று சொல்வதில்லை, செய்யாவிட்டால்தான் திட்டு விழும். அந்த ஊர்ப்பெயருக்காக நான் தள்ளிய மூன்று மில்லிமீட்டருக்குள் அவருடைய ஒழுங்கை முழுவதும் கிடந்தது. ஏழு வீடும் கோட்டுக்கு உள்ளே.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் செத்துப்போய்விட்டது. "இப்பவே போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

"நாளைக்குப் போறன்."

"அந்த மனிசி நாளைக்கு வந்து பாப்பமெண்டு எங்கட பிள்ளையைப் பிடிச்சவவோ?"

அப்படியும் நான் அன்றைக்குப் போகவில்லை. பயம். எரிமலைக்கு இல்லை, அந்த ஒரு முகத்துக்கு. செவ்வாய் பின்னேரம்தான் ரயில் ஏறினேன்.

முகாமில் அவர்களுடைய குசினியில் வைத்துச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "ஏன் தள்ளினீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

"ஊரின்ர பேர் தெரியவேணும் எண்டு."

"பேருக்கு இடம் விட்டீங்கள், அண்ணை. ஆக்களுக்கு விடேல்லை."

கணவர் காரை எடுத்தார். மூவரும் தபாலகத்துக்குப் போனோம். புறப்படுங்கள் என்று இன்னொரு தந்தி. அங்கே இருந்த பெண் விசாரித்துவிட்டு வந்து தாளைத் திருப்பி நீட்டினாள். அந்தச் சரிவில் உள்ள தபாலகங்கள் பூட்டிக் கிடக்கின்றன, கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. சொன்னதைத் திருப்பி எடுக்க ஒரு வழியும் இருக்கவில்லை. "அம்மா ஆமிக்காரர் சொன்னால் கேக்கமாட்டா. நான் சொன்னால் கேப்பா" என்றார் அவர். அதைக் காரில் வீடு வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் மலை எத்தனை முறை குமுறியது என்று நான் ஒரு படிப்பாளிக்கும் குறையாமல் சொல்வேன். வானொலியை விட்டு எழும்பவில்லை. வெடிக்கும் என்றார் ஒரு நிபுணர், வெடிக்காது என்றார் இன்னொருவர். படவரை அறையில் என் பேனா மை சிந்தியது. உடம்பு சரியில்லையா என்று பேராசிரியர் கேட்டார். கோடு தள்ளிய கதையை அவரிடம் சொன்னேன். அந்தக் கோடே ஒரு ஊகம்தான் என்று அவர் தோளில் தட்டினார். அது என்னை இன்னும் பயப்படுத்தியது.

அவர் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. வந்து வாசலில் நின்று எண்ணுவார். தன்னையும் சேர்த்து "நாலு பேர்" என்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒழுங்கையை எண்ணத் தொடங்குவார். தச்சர் ஆறு, மருத்துவச்சி மூன்று. மூன்றாம் வீட்டில், அம்மாவின் வீட்டில், நின்றுவிடுவார்.

நான்காவது சனிக்கிழமை கடிதத்தோடு மாடிப்படியில் ஓடி வந்தார். வாத்தியாரின் கையெழுத்து. தட்டைச் செட்டையில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து எழுதியிருந்தார். அம்மாவும் சின்னம்மாவும் அங்கே இருக்கிறார்கள். ராணுவ லொறி வந்தபோது தந்தி அம்மாவின் கையில்தான் இருந்ததாம். அம்மா அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தன் மகள் நன்றாக எண்ணுவாள், மலையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக ஏறியிருக்கிறார். என் மனைவி குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அவர் மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "இன்னும் கிடக்கு" என்று கடிதத்தின் கடைசிப் பகுதியை வாசித்தார். தந்தி வந்ததும் ஒழுங்கை முழுவதற்கும் கேட்க வாத்தியார்தான் அதை உரக்க வாசித்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அம்மா ஒழுங்கை ஆட்களை எண்ணினார். இருபத்திரண்டு. ஐந்தாம் வீட்டுக்காரர் இல்லை. படித்தவர்களின் நாட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது, நான் எதற்கு இந்தக் காலோடு லொறி ஏற வேண்டும், கோழிகளை யார் பார்ப்பது என்று சொல்லி, ஆமிக்காரர் தேடியபோது வாழைத்தோட்டத்துக்குள் ஒளிந்துவிட்டாராம்.

"அவர் என்னை நம்பினவர். நான் உங்களை நம்பினன்" என்றார். அதில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் நான் அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ஐப்பசியில் கணவருக்குப் பிரான்சுக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனோம். மலை வெடிக்கவும் இல்லை, அடங்கவும் இல்லை. சரிவுக்குள் ஒருவரையும் விடவில்லை. அவர் என் மகளைத் தூக்கி முத்தமிட்டார். ரயில் ஜன்னலிலிருந்து எங்களை எண்ணினார். எனக்குக் கையசைத்தாரா என் மகளுக்கு மட்டும் அசைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்க நினைத்த மன்னிப்பைக் கேட்கவில்லை.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குச் சில நாள் முன்பு சனங்கள் வீடுகளுக்குத் திரும்புகிறார்கள் என்று வானொலியில் கேட்டேன். தை பிறந்து ஒரு காலை, கீழே தபால் பெட்டியில் ஒரு தபாலட்டை கிடந்தது. முன்பக்கம் கடல். பின்பக்கம் எங்கள் விலாசம். பக்கத்தில் செய்தி எழுதுகிற இடம் முழுவதும் வெறுமையாக, நடுவில் ஒரே ஒரு எண். 23.

கீழே முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைக் காணவில்லை என்று மனைவி இறங்கி வந்து, என் கையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு விரல் மடித்து எண்ணத் தொடங்கினாள். நானும் சேர்ந்து சொன்னேன். தச்சர் ஆறு. மருத்துவச்சி மூன்று. அம்மாவும் சின்னம்மாவும் இரண்டு. பாண்காரர் ஐந்து.

அடுத்தது ஐந்தாம் வீடு. அவள்தான் சொன்னாள்.

"ஒராள்."